மலர் அச்சேறுமுன்

விழாக்கள் முடிவடைகின்றன, பந்தர் பிரிக்கப்படுகின்றது, மேடையில் நிகழ்ந்த பேச்சுக்கள் காற்றோடு கலந்து மறைகின்றன. எஞ்சி நிற்பது மலர் ஒன்றே. ஐம்பது ஆண்டுகள் கழித்து நம் கல்லூரியில் யார் கற்பித்தார், யார் கற்றார், எவ்வாண்டில் எம்மண்டபம் எழுந்தது என்று அறிய விரும்பும் ஒருவர் தேடிச் செல்வது அம்மலரையே. ஆதலின் மலரில் அச்சான ஒரு சொல், அச்சான அன்றே சான்றாகிவிடுகின்றது. அதிலுள்ள பிழையும் அவ்வாறே சான்றாகிவிடுகின்றது.

மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த பெருநிலக் கரையிலும் வாழும் நமக்கு இவ்வுண்மையின் கனம் நன்கு தெரியும். 1990ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் போர் காரணமாக ஊரைவிட்டு அகன்ற குடும்பங்கள், உடுத்த உடையோடு மடுவுக்கும் கடல் கடந்து இராமேசுவரத்துக்கும் சென்றன. சான்றிதழ்களும் குடும்பப் படங்களும் வீடுகளோடு போயின. தந்தையின் இளமைத் தோற்றம் இதுவென்று பிள்ளைகளுக்குக் காட்டச் சிலரிடம் எஞ்சியிருப்பது பழைய பாடசாலைச் சஞ்சிகையொன்றில் வெளிவந்த குழுப்படமே. அப்படத்தின் கீழே பெயர் மாறியிருப்பின், அதனைத் திருத்துதற்கு வேறு ஆதாரம் எங்கே தேடுவது?

இக்காரணம் பற்றியே, மலரின் பக்கங்களைக் கணினியில் அமைத்து முடித்த பின்னரும் அச்சகத்துக்கு அனுப்பும் முன்னரும் செய்யவேண்டிய சோதனைகளை இங்கு விளக்க முற்படுகின்றோம். இனிவரும் மலர்க்குழுக்களிற் பணிபுரியவிருக்கும் மாணவர்க்கு இவை பயன்படும் என்பது நம் நம்பிக்கை.

பரிசோதித்தல் என்னும் பழைய பணி

தமிழ் அச்சேறிய வரலாறு நம் கடலுக்கு அந்நியமானதன்று. மன்னாருக்கு எதிரேயுள்ள முத்துக்குளித்துறைக் கரையிற் பணிபுரிந்த அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கங்களைக் கொண்ட அச்சிறு நூலுக்காகக் கோவாவில் 1577இல் ஒரு தொகுதி எழுத்தும், கொல்லத்தில் 1578இல் வேறொரு தொகுதி எழுத்தும் வார்க்கப்பட்டன. எழுத்துச் செவ்வனே அமையாவிடின் நூலும் அமையாது என்பதை அன்றே அறிந்திருந்தனர்.

பின்னர், நம் நாட்டில், ஆறுமுக நாவலரவர்கள் 1849ஆம் ஆண்டிற் சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் அமைத்தார்கள். திருக்கேதீச்சரத்தைப் புதுப்பிக்குமாறு 1872இல் சைவ மக்களை வேண்டிக்கொண்டவர்களும் அப்பெருமகனாரே. அவர்களுடைய பதிப்புக்கள் பிழையின்மைக்குப் பெயர்பெற்றவை. அக்காலத்து நூல்களின் முகப்பேட்டில் ஆசிரியர் பெயரோடு 'பரிசோதித்து' என்னும் சொல்லும் சேர்த்து இன்னார் பரிசோதித்துப் பதிப்பித்தார் என்று அச்சிடுவது வழக்கம். பரிசோதித்தல் தனியொரு பணியாகவும், பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ளும் பொறுப்பாகவும் மதிக்கப்பட்டமைக்கு அதுவே அடையாளம்.

ஈயவெழுத்துக் காலத்திற் கட்டுரையாசிரியரின் கையெழுத்துப் பிரதியை எழுத்துக்கோப்போர் ஒருவர் படித்தார். கோத்ததை மை தடவி எடுத்த படியைப் பிழைதிருத்துவோர் படித்தார். பக்கம் கட்டியபின் இரண்டாம் முறையும், யந்திரத்தில் ஏற்றியபின் மூன்றாம் முறையும் படித்தனர். ஒவ்வொரு வாக்கியமும் நாலைந்து பேரின் கண்ணைக் கடந்த பின்னரே தாளில் விழுந்தது. இன்றோ நாம் அனுப்பும் கோப்பிலிருந்து நேரே அச்சுத் தகடு தயாராகின்றது. இடையில் எழுத்துக்கோப்போரும் இல்லை, பிழைதிருத்துவோரும் இல்லை. மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பப்படும் கோப்பைத் தகடாக்குபவர் தமிழ் அறியாதவராகவும் இருத்தல் கூடும். அவர் கோப்பின் அளவையும் நிறத்தையும் பார்ப்பார், சொல்லைப் பாரார். பார்ப்பது அவர் கடமையும் அன்று. முன்னர் அச்சுக்கூடத்திற் பலருக்குப் பகிர்ந்திருந்த பொறுப்பு இன்று முழுவதும் மலர்க்குழுவின் தலைமேல் வந்திருக்கின்றது. இம்மாற்றத்தை உணராமையே இக்காலத்து மலர்களிற் காணப்படும் பிழைகள் பலவற்றுக்குக் காரணம்.

ஒரு சல்லடை போதாது

அச்சுத் தொழிலாளர் இச்சோதனையைப் 'பிரீஃபிளைட்' என்பர். விமானம் மேலெழுமுன் விமானி ஒவ்வோர் உறுப்பாகப் பார்க்கும் சோதனைக்கு வழங்கிய பெயர் அது. நமக்கு அதனினும் நெருங்கிய உவமை ஒன்று உண்டு. மன்னார்க் குடாவின் சலாபங்களில் முத்துக்களைத் தரம் பிரிக்கப் பித்தளைச் சல்லடைத் தட்டுகள் பத்தை வரிசையாகப் பயன்படுத்தினர். முதலாவது தட்டில் 20 துளைகள். அடுத்தடுத்த தட்டுகளில் 30, 50, 80, 100 எனத் துளைகள் பெருகிச் சிறுத்து, இறுதித் தட்டில் 1000 ஆகும். ஒரு தட்டு நழுவவிட்டதை அடுத்த தட்டு பிடிக்கும். பிழைபார்த்தலும் அத்தகையதே. எழுத்தை நோக்கும் கண் அவ்வேளையில் நிறத்தை நோக்காது. பெயரை ஒப்பிடும்போது பக்க அளவு மனத்திற் படாது. எல்லாவற்றையும் ஒரே முறையிற் பார்த்துவிடலாம் என்று எண்ணுவோர் எதனையும் முழுமையாகப் பார்ப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் ஒரே பொருளை நோக்கிப் பார்த்தலே நெறி.

முதலாவது: எழுத்துரு

நம் மலருக்கு வரும் கட்டுரைகள் இரு வகையாகத் தட்டச்சு செய்யப்பட்டவை. சில 'பாமினி' முதலிய பழைய எழுத்துருக்களில் அமைந்தவை. ஏனையவை ஒருங்குறியில் அமைந்தவை. பாமினியில் உள்ளது உண்மையில் ஆங்கில எழுத்துக்களின் தொடரே. எழுத்துரு என்னும் உடையை அணிந்திருக்கும்வரை அது தமிழாகத் தோன்றும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் கோப்பைத் திறந்தால் உடை களைந்துவிடும். ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கலந்த பொருளற்ற வரிகளே எஞ்சும். ஆதலாற் பயன்படுத்திய எழுத்துருக்கள் யாவற்றையும் பீ.டீ.எப். கோப்பினுள்ளேயே பொதிந்து அனுப்புதல் வேண்டும். பொதிந்துள்ளனவா என்பதைக் கோப்பின் பண்புகளைக் காட்டும் பகுதியில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து காணலாம்.

பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும்போது வேறொரு தீங்கு நேரும். கட்டுரையின் இடையில் உண்மையான ஆங்கிலச் சொல்லோ, மின்னஞ்சல் முகவரியோ, பட்டத்தைக் குறிக்கும் எழுத்தோ இருந்தால் அதுவும் தமிழென மயங்கி மாற்றப்பட்டு உருக்குலையும். மாற்றியபின் அத்தகைய இடங்களைத் தேடிப் பார்த்தல் இன்றியமையாதது.

ஒருங்குறிக்கும் ஓர் இடர் உண்டு. 'கெ' என்னும் எழுத்தில் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகவே கணினி சேமிக்கின்றது. திரையில் வரையும்போதே கொம்பை முன்னே கொணர்கின்றது. பக்கம் அமைக்கும் மென்பொருளில் இந்திய மொழிகளுக்குரிய வரியமைப்பைத் தெரிவு செய்யாவிடின், கொம்பு ககரத்தின் பின்னே தனித்து நிற்கும். 'கேதீச்சரம்', 'பேசாலை', 'கொண்டச்சி' முதலிய பெயர்கள் யாவும் சிதையும். தலைப்புக்களில் வேறு எழுத்துரு இடப்படுவதால், உட்பக்கம் செவ்வையாக இருந்தும் தலைப்புச் சிதைந்திருத்தல் உண்டு. 'ஔவையார்' என்பதில் முதலெழுத்து ஓரெழுத்தாகிய ஔகாரமா, அன்றி ஒகரமும் ளகரமும் அடுத்து நிற்கும் ஈரெழுத்தா என்பதையும் நோக்குக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் தேடுங் கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். வரியின் தொடக்கத்தில் மெய்யெழுத்து வந்து விழாதவாறு பார்த்தல் ஈயவெழுத்துக் காலம் முதலே போற்றப்பட்டு வரும் ஒழுங்கு.

இரண்டாவது: சொல்லும் எண்ணும்

கணினியின் பிழைதிருத்தி ஓரளவே உதவும். 'மன்னார்' என்பதில் ஒரு கால் விடுபட்டால் 'மன்னர்' ஆகிவிடும். அதுவும் நல்ல தமிழ்ச் சொல்லே ஆதலிற் கணினி வாய்திறவாது. 'தலைமையுரை' என்பது 'தலைமையுறை' ஆனாற் சொற்பொழிவு மேலட்டையாகிவிடும். 'அறம்' 'அரம்' ஆனால் ஒழுக்கம் தச்சனின் கருவியாகிவிடும். இத்தகைய பிழைகளைப் பொருளறிந்து படிக்கும் மனிதரே காணவல்லார். 1631ஆம் ஆண்டு இலண்டனில் அரச அச்சகத்தார் பதிப்பித்த விவிலியத்திற் பத்துக் கட்டளைகளுள் ஒன்றிலிருந்து எதிர்மறைச் சொல் ஒன்று விடுபட்டமையால், விலக்கப்பட்ட பாவமே விதிக்கப்பட்டதாயிற்று. அச்சகத்தாருக்கு 300 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. விடுபட்டது ஒரு சிறு சொல். எஞ்சிய சொற்கள் அனைத்தும் பிழையற்றவை.

ஆண்டுகளைத் தனியே ஒருமுறை பார்த்தல் வேண்டும். தலைமன்னார்ப் புகையிரதப் பாதையைப் பற்றி ஒரு பழைய மாணவர் எழுதுவாராயின், கப்பற் போக்குவரத்தோடு இணைந்த சேவை தொடங்கிய 1914, தனுக்கோடியைப் புயல் அழித்த 1964, போரின் பின் தலைமன்னாருக்குப் புகையிரதம் மீண்ட 2015 ஆகிய ஆண்டுகள் வருதல் இயல்பு. 1914 என்பதை 1941 எனத் தட்டிவிட்டால் எந்த மென்பொருளும் கண்டிக்காது. மூலப்பிரதியை ஒருவர் உரத்து வாசிக்க மற்றொருவர் அச்சுப்படியில் எண்களை மட்டும் நோக்கிவரும் பழைய முறையே இதற்குச் சிறந்தது. 'திருக்கேதீச்சரம்', 'திருக்கேதீஸ்வரம்' என்னும் இரு வடிவங்களும் வழக்கிலுள்ளன. எதனைக் கொள்வதாயினும் மலர் முழுவதும் ஒன்றையே கொள்ளல் தகும்.

மூன்றாவது: பெயரும் படமும்

மலரில் மிகப் பலர் முதலிற் பார்ப்பது தம் பெயரையே. பெயரில் நேரும் பிழையைப் பொறுத்துக்கொள்வது எவர்க்கும் எளிதன்று. ஆதலின் பெயர்ப் பட்டியல்களைக் கட்டுரைகளோடு சேர்த்துப் பாராது, தாளில் எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே அடையாளமிட்டுப் பார்க்கவேண்டும். தலைப்பெழுத்தும் ஊரும் பெயரின் பகுதிகளே. ஒரே பெயருடைய இருவர் ஒருவர் முருங்கனிலும் மற்றவர் விடத்தல்தீவிலும் இருப்பின் அவர்களை வேறுபடுத்துவன அவை இரண்டுமே.

குழுப்படத்தில் வேறொரு கண்ணி மறைந்துள்ளது. பக்கத்தின் அழகு கருதி, படத்திலுள்ளோர் உட்புறம் நோக்குமாறு, வடிவமைப்பாளர் சில வேளைகளிற் படத்தை இடம் வலமாகப் புரட்டிவிடுவதுண்டு. அப்போது 'இடமிருந்து வலம்' என்று கீழே எழுதிய பெயர்கள் அனைத்தும் மாறிப்போகும். சட்டைப் பை மார்பின் இடப்புறத்தில் உள்ளதா, பின்னணியிலுள்ள பெயர்ப்பலகையின் எழுத்து நேராக உள்ளதா என்று பார்த்தால் உண்மை வெளிப்படும். முகங்களை எண்ணி, பெயர்களை எண்ணி, இரண்டும் ஒத்திருக்கக் காணல் வேண்டும்.

படத்தின் தெளிவையும் இவ்வேளையிலேயே பார்க்கலாம். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தேவை என்பது பொது விதி. ஆறு அங்குல அகலத்தில் இடவேண்டிய குழுப்படத்துக்கு அகலவாக்கில் 1800 புள்ளிகள் வேண்டும் என்பது இதன் கணக்கு. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள பழைய மாணவர் தம்மிடமுள்ள அரிய படத்தை வட்ஸ்அப் வழியாக அனுப்புகையில், அது பெரும்பாலும் அளவு சுருங்கியே வந்து சேர்கின்றது. கைத்தொலைபேசியின் சிறு திரையிற் தெளிவாகத் தோன்றும் அப்படம் அச்சிற் கலங்கிவிடும். சுருங்கிய படத்தை மென்பொருளிற் பெருப்பித்தல், பாலிற் தண்ணீர் சேர்த்து அளவைக் கூட்டுவதை ஒக்கும். மூலப் படத்தை மின்னஞ்சலிலோ, ஆவணமாக இணைத்தோ மீண்டும் அனுப்பும்படி கேட்பதே வழி. இதற்கு நாள் பிடிக்கும். ஆகவே படங்களை இறுதி வாரத்துக்கு ஒத்திவைத்தல் ஆகாது.

நான்காவது: நிறம்

கணினித் திரை ஒளியால் நிறங்காட்டுவது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் கலப்பு அது. அச்சியந்திரமோ மையால் நிறங்காட்டுவது. சயன் என்னும் நீலம், மஜந்தா என்னும் செந்நிறம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் கலப்பு அது. திரையில் ஒளிரும் நிறங்கள் யாவும் மையில் அகப்படா. தலைமன்னார்த் துறையின் கடல் நீலம் திரையிற் கண்ட பொலிவோடு தாளில் வராது மங்குதற்குக் காரணம் இதுவே. நால்வண்ண முறைக்கு நாமே மாற்றிப் பார்த்து, மங்கியது போதாதெனின் திருத்திக்கொள்ளல் நன்று. மாற்றாது அனுப்பினால் அம்மாற்றம் நாம் காணாதவாறு அச்சகத்தில் நிகழும்.

மற்றொன்று, கட்டுரையின் எழுத்துக்கள் கறுப்பு மை ஒன்றால் மட்டும் அமைந்திருத்தல் வேண்டும். வேறு மென்பொருளிலிருந்து எடுத்து ஒட்டிய பகுதிகளில் அக்கறுப்பு நான்கு மைகளாற் கலந்ததாக வந்துவிடுவதுண்டு. நான்கு தகடுகளுள் ஒன்று மயிரிழை விலகினும் எழுத்தைச் சுற்றி நிறநிழல் தோன்றும். சிறிய எழுத்துக்கள் படிக்க இயலாதனவாகும். தகடு வாரியாக நிறங்களைப் பிரித்துக் காட்டும் வசதி பீ.டீ.எப். பார்க்கும் சில மென்பொருள்களில் உண்டு. கறுப்பை மறைத்துவிட்டுப் பார்க்கும்போது எழுத்துக்கள் முற்றாக மறைந்தாற் பழுதில்லை.

ஐந்தாவது: பக்கம்

மலரின் அளவு ஏ4 ஆயின் பக்கம் 210 மில்லிமீற்றர் அகலமும் 297 மில்லிமீற்றர் உயரமும் உடையது. விளிம்புவரை செல்லும் படமோ நிறமோ இருப்பின், நாற்புறமும் 3 மில்லிமீற்றர் கூட்டி 216க்கு 303 ஆக அமைக்கவேண்டும். வெட்டும் கத்தி சிறிது விலகினால் வெள்ளைக் கோடு தெரியாமலிருத்தற்கே இக்கூடுதல். இதற்கு மாறாக, எழுத்தும் முகங்களும் வெட்டு விளிம்பிலிருந்து போதிய தூரம் உள்ளே நிற்றல் வேண்டும். கட்டுப் பக்கத்தில் இன்னும் இடம்விடுக. இரு பக்கங்களிற் பரந்த குழுப்படத்தில், நடுவே அமர்ந்திருக்கும் அதிபரின் முகம் கட்டினுள்ளே மறைந்துபோதல் கூடும்.

பக்கங்களின் தொகையும் கணக்கிடற்பாலது. புத்தகம் பாரம் பாரமாக அச்சாவது; ஒரு பாரம் பெரும்பாலும் 16 பக்கம். 128 பக்கம் எட்டுப் பாரம் ஆகும். 130 பக்கம் என்றால் அவ்விரு பக்கங்களுக்காகத் தனித் தாள் வேண்டும், செலவும் கூடும். மேலட்டையின் முதுகு அகலமும் பக்கத் தொகையைப் பொறுத்ததே. 200 பக்கம் என்பது 100 தாள். தாளின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர் ஆயின் முதுகு 10 மில்லிமீற்றர். கடைசி நாளில் இருபது பக்கம் கூட்டிவிட்டு அட்டையை மாற்றாது விட்டால் மலரின் பெயர் முதுகிலிருந்து நழுவி முகப்பில் விழும்.

நாம் கற்றுக்கொண்ட பாடம்

இவ்வளவும் பார்த்த பின்னரும் ஒரு வாயில் திறந்தே இருக்கும். சில ஆண்டுகளுக்குமுன் நாம் ஒரு சிறு நினைவு மலரை அமைத்தோம். நன்கொடையாளர் பட்டியலை மூவர் பலமுறை படித்துப் பிழையில்லை என்று முடிவுசெய்தோம். அன்றிரவு ஒரு பெயர் புதிதாக வந்தது; பட்டியலின் நடுவே அதனைச் செருகினோம். செருகிய இடத்திற் பெயர்கள் ஒரு வரி கீழிறங்கின. பக்கத்து நிரலில் இருந்த அடைமொழிகள் இறங்கவில்லை. மலர் வெளிவந்தபோது, உயிரோடிருந்து விழாவுக்கும் வந்திருந்த முதியவர் ஒருவரின் பெயருக்குமுன் 'அமரர்' என்று அச்சாகியிருந்தது. அவர் பார்த்துச் சிரித்தார்; அவருடைய துணைவியார் சிரிக்கவில்லை. அதனினும் துயரமானது, உண்மையில் மறைந்த நம் ஆசிரியர் ஒருவர் அப்பட்டியலில் உயிரோடிருப்பவராக நின்றார். எஞ்சிய பிரதிகளில் திருத்தத் துண்டுகளை ஒட்டினோம். விநியோகமான பிரதிகள் இன்றும் அப்பிழையோடே இருக்கின்றன.

அச்சகத்தின்மேற் குறையில்லை, நாம் அனுப்பியதையே அவர்கள் அச்சிட்டார்கள். பிழை புகுந்தது சோதனைக்கு முன்பன்று, சோதனைக்குப் பின்பு. ஆகவே ஒரு விதியை அன்று வகுத்துக்கொண்டோம்: ஒரு திருத்தம் செய்தால் திருத்திய சொல்லை மட்டும் பார்த்தல் போதாது, அப்பக்கம் முழுவதையும் மீண்டும் படித்தல் வேண்டும்.

இறுதிப் படி

சோதனை முடிந்ததும் அச்சுத் தொழிலுக்கென வகுக்கப்பட்ட பீ.டீ.எப்.-எக்ஸ் தரத்திற் கோப்பை எடுத்தல் நன்று. 2001ஆம் ஆண்டிற் சர்வதேசத் தரமாக வெளியான இதன் முதல் வகை, எழுத்துருக்கள் பொதியப்பட்டிருத்தலையும் நிறங்கள் அச்சு மைக்குரியனவாக இருத்தலையும் கட்டாயமாக்குகின்றது. பின்னர் அப்பீ.டீ.எப். கோப்பையே சாதாரணத் தாளில் உண்மை அளவிற் படியெடுத்து, மலர் வேலையிற் பங்குகொள்ளாத ஒருவரிடம் படிக்கக் கொடுக்கவேண்டும். எழுதியவர் கண் தாம் எழுத நினைத்ததையே காணும். புதியவர் கண்ணே தாளிலுள்ளதைக் காணும். கல்லூரியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரினும் இதற்கு உகந்தவர் யார்?

கோப்புக்களுக்கு 'இறுதி', 'மிக இறுதி' என்று பெயரிடாது நாளும் எண்ணும் இடுக. அச்சகம் அனுப்பும் மாதிரிப் படியைப் பார்த்து ஒருவர் கையொப்பமிட வேண்டும். அதன்பின் தொலைபேசி வழியே திருத்தம் சொல்லுதல் ஆகாது. அந்த ஒருவரின் பெயரை, நம் முன்னோர் முகப்பேட்டிற் செய்தவாறே, பரிசோதித்தவர் என மலரில் அச்சிடலாம் என்பது நம் கருத்து. பெயர் அச்சாகும் என்று அறிந்தவர் இன்னொருமுறை படிப்பார்.

அச்சு முடிந்தபின் ஒருங்குறியில் அமைந்த கோப்பைப் பேணி வைத்தலும் கடமையாகும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த கதை நாம் மறக்கற்பாலதன்று. இன்று, 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்தில் ஈழத்துப் பாடசாலை மலர்கள் உலகெங்குமுள்ளோர் படிக்குமாறு வைக்கப்பட்டுள்ளன. நம் மலரும் அங்கே சேரின், என்றோ ஒருநாள் எங்கோ ஒரு பேரப்பிள்ளை தன் பாட்டனின் பெயரைத் தட்டித் தேடும். அப்பெயர் அங்கே பிழையின்றி இருத்தல் வேண்டும்.

ஐந்து சல்லடைகளிலும் சலித்தபின் ஏதேனும் ஒரு பிழை எஞ்சியிருத்தல் மனித இயல்பே. இக்கட்டுரையிலும் அவ்வாறொன்று இருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக. ஆனால் நமக்கு அறிவியாது விடாதிருப்பார்களாக.